கொச்சிக்குப் போன கோடை விடுமுறை

பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் எங்கள் உறவுக்காரர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்வி வருகிறது: “இவ்வளவு சின்னப் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, சரிப்பட்டு வந்ததா?” சென்ற மே மாதம் 6 வயது மகன், மூன்றரை வயது மகள், அயித்தை என்று நான் கூப்பிடும் என் 67 வயது மாமியார் ஆகியோரோடு நானும் கணவரும் கொச்சி வொண்டர்லாவுக்குச் சென்றுவந்தோம். ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னவற்றை ஒரே இடத்தில் எழுதிவைத்தால், இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு கிளம்ப நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது. சரிப்பட்டு வந்தது என்பதே என் பதில். எப்படிச் சரிப்பட்டது என்பதைச் சொல்வதற்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

காரைக்குடிப் பக்கத்தில் வாழ்பவர்களுக்குத் தீம் பார்க் என்றால் மதுரைப் பரவையில் உள்ள அதிசயம்தான் பக்கம். திருப்பத்தூர், மேலூர் வழியாகக் காரில் போய் மாலைவரை விளையாடிவிட்டு இரவு சொந்த வீட்டில் வந்து படுத்துவிடலாம். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகவே எனக்குப் பிடிக்கும். சென்னையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபியும் எம்ஜிஎம்மும், பூந்தமல்லிப் பக்கம் குயின்ஸ்லாந்தும் வெகுகாலமாக உள்ளன. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நாங்கள் கொச்சியைத் தேர்ந்ததற்குக் காரணம் ரயில். சின்னவளுக்குக் கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது. குன்றக்குடி தாண்டுவதற்குள் முகம் வெளிறி, பிள்ளையார்பட்டி வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். உடல் அசைகிறது என்று உள்காது மூளைக்குச் சொல்ல, முன் இருக்கையின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் கண், அசைவே இல்லை என்று சொல்கிறது. அந்த முரண்பாட்டில் வருவதுதான் இந்தக் குமட்டல். 2 வயதுக்கு மேல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இது மிகுதி. படுத்துக்கொண்டு போகக்கூடிய பயணம் கிடைத்தால் அவளுக்குப் பாதித் துன்பம் இல்லை. வேளாங்கண்ணியிலிருந்து எர்ணாகுளம் செல்லும் விரைவு ரயில் வாரத்தில் 2 நாள்கள் காரைக்குடி வழியாகப் போகிறது. இரவில் ஏறிப் படுத்தால் மறுநாள் நண்பகலில் எர்ணாகுளத்தில் இறங்கலாம். அந்த நாள் கணக்குக்கு ஏற்ப விடுமுறையையும் தங்கும் விடுதியையும் ஒழுங்குசெய்துகொண்டோம்.

வொண்டர்லாவைப் பற்றிப் பெரியவனுக்கு அவன் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) சொன்ன முதல் செய்தி எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் ஸ்டெபிலைசரைப் பற்றியது. அந்த வி-கார்டு நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளிதான் 2000ஆம் ஆண்டில் கொச்சியில் இந்தப் பூங்காவையும் கட்டினார். அப்போது அதன் பெயர் வீகாலாண்ட். 2005இல் பெங்களூருவில் அடுத்த பூங்கா வொண்டர்லா என்ற பெயரில் வந்தது. கொச்சிப் பூங்காவும் பிறகு அந்தப் பெயருக்கே மாறியது. 2016இல் ஹைதராபாத்திலும், நாங்கள் போய்வந்த பிறகு 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே இள்ளலூரிலும் திறந்திருக்கிறார்கள். விளக்கு மங்கும்போதெல்லாம் ‘டக்’ என்று சத்தம் போடும் அந்தச் சின்னப் பெட்டியைச் செய்தவர்களே இவ்வளவு பெரிய விளையாட்டு இடத்தையும் செய்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அவனை விடவில்லை. ஊருக்குக் கிளம்பும்வரை நாளுக்கு நாலு முறை அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்துவந்தான்.

அந்தப் பூங்காவில் குழந்தைகளுக்கான சீட்டு வயதைப் பார்த்து வழங்கப்படுவதில்லை, உயரத்தைப் பார்த்து வழங்கப்படுகிறது. 85 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 85 முதல் 140 வரை குழந்தைகளுக்கான கட்டணம். அதற்கு மேல் பெரியவர்கள் கட்டணம். எனவே கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்கு முன் பிள்ளைகளை அளந்தோம். கோட்டையூரில் எங்களுடையது பங்கு வீடு. வளவு என்று நாங்கள் சொல்லும் நடுமுற்றத்தின் தூணிலோ முட்டைப் பூச்சுச் சுவரிலோ யாராவது பென்சிலால் கோடு கிழித்தால் பங்காளிகள் அத்தனை பேரும் கேள்வி கேட்பார்கள். ஆகவே எங்கள் பங்கில் உள்ள சாமான் அறைக் கதவின் உட்புறம்தான் அளக்கும் இடம். அயித்தை ஒரு கனத்த கணக்குப் புத்தகத்தைத் தலைமேல் படுக்கவைத்துப் பிடிக்க, கணவர் அதன் அடியில் கோடு போட்டார். பெரியவன் 114 சென்டிமீட்டர், சின்னவள் 96. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அரை சென்டிமீட்டர் கூடியிருக்கலாம் என்று அயித்தை சொன்னார்.

உயர விதியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது மனத்தில் தைத்த விஷயம். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு ஊர்த் திருவிழாவில் கொலம்பஸ் என்று நாம் சொல்லும் பெரிய ஊஞ்சல் கப்பலில் பெரியவனோடு ஏறினேன். அவன் உயரத்தை யாரும் பார்க்கவில்லை. இடுப்புக்கு மேல் வந்த கம்பி என் தொடையில் பட்டு நின்றுவிட்டது, அவனுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. கப்பல் உச்சிக்குப் போகும்போதெல்லாம் அவன் இருக்கையைவிட்டு எழும்பியதை என் கையால் உணர்ந்தேன். ஒரு கையால் அவனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்துங்கள் என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சவாரிகளில் உள்ள கம்பியும் தோளில் மாட்டும் பட்டையும் குறிப்பிட்ட அளவு உடலைப் பிடித்துவைப்பதற்காகச் செய்யப்பட்டவை. அதைவிடச் சிறிய உடல் அதன் அடியில் நழுவிவிடும் என்பதால்தான் அந்தக் கோடு போடப்படுகிறது. “நாலு விரற்கடைதானே, விடுங்கள்” என்று கெஞ்சும் பெற்றோரைக் கண்டால் எனக்கு அந்த ஒரு சாண் இடைவெளிதான் நினைவுக்கு வருகிறது.

கிளம்பும் நாளில் அடுப்படி முழுக்க அயித்தையின் கையில் இருந்தது. வெளி உணவைப் பூங்காவுக்குள் கொண்டுபோக முடியாது, கைக்குழந்தைக்கான உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று எத்தனை முறை சொன்னாலும், “ரயிலிலே சாப்பிடலாம்ல?” என்றார். அதற்கு மறுப்பு ஏது? மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, கட்டுச்சோறாகப் புளியோதரை, தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று இரண்டு தூக்குச்சட்டிகள் நிரம்பின. பிள்ளைகளோடு இரவு ரயிலில் போகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம் என்பேன். அந்தச் சீடைதான் மறுநாள் எர்ணாகுளம் வரை அவர்களை அமைதியாக வைத்திருந்தது.

ரயிலைப் பற்றி நிறைய எழுத ஆசை, ஆனால் இங்கே அது வழிமட்டும்தான். ஒன்றை மட்டும் விடமாட்டேன். செங்கோட்டை தாண்டியதும் விடியத் தொடங்கியது. சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து வெளியே வந்தபோது காற்றே வேறாக இருந்தது. வறண்ட செம்மண்ணிலிருந்து படுத்து எழுந்த பிள்ளைகளுக்கு, ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கப் பச்சையாக நின்றது புரியவில்லை. கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே 1904இல் மீட்டர்கேஜ் பாதையாக ஓடத் தொடங்கிய தடம் இது. 2018இல் அகலப் பாதையாக மாறி மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. தென்மலைக்கு முன்னால் உள்ள பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போகும்போது பெரியவன் கண்களை எண்ண முயன்றான். பாலத்தின் மேலேயே இருந்துகொண்டு அதன் வளைவுகளை எண்ண முடியாது என்று அவனுக்கு விளக்குவதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

அன்று பகல் முழுவதும் எதுவும் செய்யவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இறங்கிய நாளே பூங்காவுக்குப் போய்விட்டால் ஒரு நாள் விடுதி வாடகை மிச்சம் என்று நானும் கணக்குப் போட்டேன், கணவர்தான் தடுத்தார். வைட்டிலாவில் விடுதி. பிள்ளைகள் குளித்து, புட்டும் பழம்பொரியும் தின்று, மாலை 4 மணிவரை தூங்கினார்கள். மறுநாள் காலையில் எழுந்தபோது இருவரும் புதுப் பூவாக இருந்தார்கள்.

வைட்டிலாவில் தங்கியதற்கு ஒரு நோக்கம் இருந்தது. 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கொச்சி வாட்டர் மெட்ரோவின் ஆரம்பத் தடங்களில் ஒன்று வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்குச் செல்வது; பூங்கா காக்கநாட்டைத் தாண்டிப் பள்ளிக்கரையில் இருக்கிறது. ஆகவே காலை முதல் சவாரி படகில் அமைந்தது. மின்கலத்தில் ஓடும் படகு என்பதால் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. குளிரூட்டிய அறைக்குள் பெரிய கண்ணாடி ஜன்னல் வழியே தென்னையும் காயலும் நகர்ந்தன. படகு கரையோடு சேரும்போது தளம் சற்று ஆடியது. சின்னவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, இதுதான் தீம் பார்க்கா?” என்று கேட்டாள். அங்கிருந்து ஆட்டோ.

நுழைவாயிலில் உயரம் பார்த்தார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதால் அயித்தையின் ஆதார் அட்டையைக் காட்டினோம். உள்ளே நுழைந்ததும் முதலில் தண்ணீருக்கா, தரையில் உள்ள சவாரிகளுக்கா என்ற கேள்வி வரும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தரைச் சவாரிகளை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. தண்ணீரில் இறங்கிய பிள்ளையை உலர்த்தி, துணி மாற்றி, மறுபடியும் வரிசையில் நிறுத்துவது பெரும் பாடு. நாங்கள் சென்ற அன்று நீர் விளையாட்டுகள் மதியத்தை ஒட்டித்தான் தொடங்கின. ஆகவே காலை நேரம் தானாகவே தரைக்கு ஒதுங்கியது.

சின்னவளுக்கு முதல் அரை மணி நேரம் அழுகைதான். பொம்மை வேடமிட்ட ஒருவர் பிள்ளைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டு வந்தார். மற்றப் பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள, இவள் அயித்தையின் இடுப்பில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குடைராட்டினத்தில் குதிரைமேல் உட்காரவைத்தால் சுற்றத் தொடங்கும் முன்பே இறக்கிவிடச் சொன்னாள். எனக்கு மனம் சோர்ந்தது. இவ்வளவு தூரம் வந்து, சீட்டும் வாங்கி, குதிரையில்கூட உட்காரவில்லையே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அயித்தை ஒன்றும் பேசாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போய், சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்துக்கு எதிரே ஒரு திண்டில் உட்கார்ந்தார். இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வெள்ளைக் குதிரை போயிருச்சு. இப்ப என்ன வரும்?” என்று அயித்தை கேட்பார், “கருப்பு” என்பாள் இவள். நாலைந்து சுற்று அந்த விளையாட்டு நடந்தது. கடைசியில் அவளே எழுந்து வந்து, “வெள்ளைக் குதிரை எனக்கு வேணும்” என்றாள். குதிரைமேல் அவள் ஏறியபோது அதன் நிறமும், அது எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அந்த இடத்துக்கு வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தன. தெரிந்த குதிரை அவளைப் பயமுறுத்தவில்லை. அன்று 3 முறை சுற்றினாள். சுற்றும் சவாரியாயிற்றே, வாந்தி வருமோ என்று நான் பையில் துண்டோடு நின்றேன். தூரத்தில் நின்ற அப்பத்தாவையே பார்த்துக்கொண்டு சுற்றியதாலோ என்னவோ, வரவில்லை.

பெரியவனின் கதை வேறு. அவன் வீட்டிலேயே கணினியில் படம் பார்த்து ஒரு பெரிய சவாரியை மனத்தில் குறித்துவைத்திருந்தான். அதன் வாசலில் மஞ்சள் நிறத்தில் ஓர் அளவுகோல். அவன் போய்த் தன் முதுகை அதில் ஒட்டிக்கொண்டு நின்றான். குதிகால், பின்தொடை, முதுகு, தலை எல்லாம் கம்பத்தைத் தொட, கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, எதிரே இருந்த பணியாளரின் முகத்தையே பார்த்தான். கோடு அவன் உச்சந்தலைக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தது. அந்தப் பெண் குனிந்து, அவன் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, “அடுத்த வர்ஷம் வா, மோனே” என்றார். அவன் குதிகாலைத் தூக்கவில்லை. எனக்குத் தெரியும், வீட்டுக் கதவில் அளக்கும்போதே அயித்தை அதைச் சொல்லிப் பழக்கியிருந்தார். தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தான். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கண்ணில் நீர் வந்தது. அவன் அப்பச்சி தோளில் கை போட்டுக்கொண்டு எதுவும் சொல்லாமல் கூட நடந்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்து, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை, சொல்லவில்லை. அவனுக்கு அது பெரிய விஷயம்தான்.

பிழை என் பக்கம் நடந்தது அதற்கு அடுத்ததில். அந்த ஏமாற்றத்தை ஈடுசெய்ய வேண்டும் என்ற அவசரத்தில், அவன் உயரத்துக்குப் பொருந்திய இன்னொரு சவாரியின் வரிசையில் அவனை நிறுத்தினேன். வேண்டுமா என்று கேட்கவில்லை. முக்கால் மணி நேர வரிசை, மே மாத வெயில். எங்கள் முறை வருவதற்குள் மேலே போனவர்களின் கூச்சலை அவன் முழுக்கக் கேட்டுவிட்டான். கதவு திறந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “வேணாம்மா” என்றான். பின்னால் ஆள்கள் நிற்கிறார்கள்; இவ்வளவு நேரம் நின்றோமே என்ற எண்ணம் எனக்கு; “ஏறு, ஒன்றும் ஆகாது” என்று குரலை உயர்த்தினேன். அவன் முகத்தில் அப்போது வந்த பயத்தில் சவாரி பாதி, நான் பாதி. கொலம்பஸில் என் கைக்கு அடியில் துடித்த அந்த உடம்பு நினைவுக்கு வந்தது. விலகி நின்று, மற்றவர்களுக்கு வழிவிட்டு, வந்த வழியே திரும்பினோம். வெளியே வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். 6 வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கத்தில் இல்லாதது. கேட்டபோது அவன் முதலில் திகைத்தான், பிறகு ஐஸ்கிரீம் கேட்டான். அதற்குப் பின் அன்று முழுவதும் ஒவ்வொரு சவாரியையும் வெளியே நின்று ஒருமுறை முழுதாகப் பார்த்த பிறகே, வரிசையில் நிற்பதா வேண்டாமா என்று பிள்ளைகளிடம் கேட்டோம். சின்னவளுக்கு அயித்தை குடைராட்டினத்தின் எதிரே செய்ததும் அதுதான்.

மதிய உணவு உள்ளேயே. பிள்ளைகளுக்குத் தயிர்சோறு கிடைத்தது, போதும்.

தண்ணீருக்கு வந்தால் முதலில் உடைதான் கேள்வி. நைலான் போன்ற செயற்கை இழைத் துணியில் தைத்த நீச்சல் உடைகளுக்கு மட்டுமே அனுமதி. சேலை, சுடிதார், ஜீன்ஸ், பருத்தித் துணி எதற்கும் இல்லை. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், கால்களைச் சுற்றிக்கொள்ளும். அதன் நூல் பிசிறுகள் வடிகட்டிகளில் போய் அடைத்துக்கொள்ளும். இந்தக் காரணங்கள் எல்லாம் நியாயமானவை, எனக்கும் உடன்பாடு. முழங்கை வரையும் முழங்கால் வரையும் மூடக்கூடிய உடைகளைக் காரைக்குடியிலேயே தேடி வாங்கிவிட்டோம். அயித்தைக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டதற்கு, “நான் எதுக்குடி? நீங்க குளிங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்” என்று முடித்துவிட்டார். பொருள்களை வைக்க லாக்கர் இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே நாங்கள் நால்வரும் நீரில் இறங்க, அவர் கண்டாங்கிச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் சற்று ஏற்றிச் செருகிக்கொண்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அலைக்குளத்தைப் பெரியவன் தன் கடலாக்கிக்கொண்டான். கடலைப்போல ஆழமற்ற ஓரத்திலிருந்து சரிந்துகொண்டே போகும் தரை. எதிர்ச் சுவருக்குப் பின்னால் உள்ள அறைகளில் காற்றை அழுத்தி நீரைத் தள்ளுவதால் அலை எழுகிறது. அலை வருவதற்கு முன் ஒலி எழுப்புகிறார்கள். ஒலி கேட்டதும் பெரியவன் எங்கள் இருவரின் கைகளையும் பிடித்துக்கொண்டு, “வருது, வருது” என்று குதித்தான். இடுப்பளவு நீருக்கு மேல் அவனை விடவில்லை. காலையில் இரண்டு சவாரிகளில் போனது அத்தனையும் இங்கே அவனுக்குத் திரும்பி வந்தது. ஓர் அலை தலைக்கு மேல் போய், மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொண்ணு!” என்றான்.

சின்னவளை நான் ரெயின் டிஸ்கோவுக்கு அழைத்துப் போனேன். இருட்டறை, வண்ண விளக்குகள், காதை அடைக்கும் பாட்டு, மேலே இருந்து மழைபோலக் கொட்டும் வெதுவெதுப்பான நீர். குதிரைக்கே பயந்தவள் வாசலிலேயே திரும்பிவிடுவாள் என்று நினைத்து, வாசலோரமாகவே அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தாள். தண்ணீர் நெற்றியில் விழுந்து, இமையில் தங்கி, தாடையில் சொட்டியது. நாக்கை நீட்டி ருசி பார்க்கப் போனவளைத் தடுத்தேன். “மழை சுடுது” என்று என் காதில் சொன்னாள். பிறகு இறக்கிவிடச் சொல்லி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, சுற்றத் தொடங்கினாள். அந்த இடத்தில் ஆடியவர்களில் அவள்தான் மிகச் சிறியவள். பெரியவர்கள் தாமாகவே விலகி அவளைச் சுற்றி ஒரு வட்டம் விட்டார்கள். பாட்டு மாறியதும் நின்றாள், மறுபடி தொடங்கியதும் ஆடினாள். பல மாதங்கள் ஆகியும் அந்த இருட்டில் பச்சையும் சிவப்புமாக மாறிமாறித் தெரிந்த அவள் முகம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் அவள் ஓடியது நேராக அப்பத்தாவிடம். “அப்பத்தா, நீயும் வா, உள்ளே மழை பெய்யுது!” என்று கையைப் பிடித்து இழுத்தாள். சேலையோடு போக முடியாது என்று நான் விளக்கினேன். “ஏன்?” என்றாள். நூல், வடிகட்டி என்று மூன்றரை வயதுக்குச் சொல்லமுடிந்தவரை சொன்னேன். அவள் அயித்தையின் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துப் பார்த்தாள், தன் உடையைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அயித்தை அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “நீலம் பாரிச்சிருச்சு, போதும், துடைச்சு விடு” என்றார். அப்போதுதான் நானும் கவனித்தேன். விரல் நுனி சுருங்கி, உதடு நிறம் மாறி, தாடை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எடையோடு ஒப்பிட்டால் சின்னப் பிள்ளைகளின் உடல் பரப்பு அதிகம். அதனால் பெரியவர்களைவிட அவர்கள் சூட்டை விரைவாக இழந்துவிடுவார்கள், மே மாத வெயிலிலும்கூட. விளையாட்டு மும்முரத்தில் பிள்ளை அதைச் சொல்லாது. அரை மணிக்கு ஒருமுறை நீரைவிட்டு வெளியேற்றி, துடைத்து, வெயிலில் நிறுத்த வேண்டும். துண்டு 2 போதாது, 4 கொண்டுபோக வேண்டும். கரையில் உட்கார்ந்து, நனையாமல், பிள்ளையின் உதட்டைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

மாலை 5 மணிக்கே கிளம்பிவிட்டோம். இன்னும் எத்தனையோ இருந்தன. பூங்காவில் பாதியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஏறியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பவர்கள் பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டும்வரை காத்திருக்கலாம். ஆட்டோவில் ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் சின்னவள் அயித்தையின் மடியில் தூங்கிவிட்டாள். அன்று வாந்தியும் இல்லை. பெரியவன் தூங்காமல், அந்த நான்கு விரற்கடை வளர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டு வந்தான். 6 வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் வளர்வார்கள் என்று அவன் அப்பச்சி கணக்குச் சொன்னார். “அப்போ அடுத்த வருஷமும் கொஞ்சம் குறையுமோ?” என்றான். குறையலாம் என்று உண்மையைச் சொன்னார். அதை அவன் ஏற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பும் ரயில் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தபோது ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் வளவுக் கொடியில் நான்கு நீச்சல் உடைகள் காய்ந்தன. குளோரின் வாடை போக மூன்று முறை அலச வேண்டியிருந்தது.

மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு மாலை, புழுக்கம் தாங்காமல் எல்லோரும் பட்டாலையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தபோது, கோடை மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பகுதி வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவுகளின் தண்ணீரும் வளவுக்குள்தான் வந்து விழும். நான்கு மூலைத் தூம்புகளிலும் தண்ணீர் அருவியாகக் கொட்டத் தொடங்கியது. அயித்தை வழக்கம்போல அண்டாவையும் கிடாரத்தையும் மூலைக்கொன்றாக இழுத்து வைத்தார். முதல் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடிப்பது அவர் வழக்கம். அதற்குள் சின்னவள் உள்ளே ஓடி, கொடியிலிருந்து எடுத்து மடித்துவைத்த தன் நீச்சல் உடையைத் தேடி, முன்பக்கம் பின்பக்கம் பார்க்காமல் மாட்டிக்கொண்டு வந்து, தென்கிழக்கு மூலைத் தூம்புக்கு அடியில் நின்றுவிட்டாள். பெரியவனும் இறங்கினான். “பாட்டுப் போடுங்க, அப்பச்சி!” என்று கத்தினான். கணவர் கைப்பேசியில் ஏதோ ஒன்றைப் போட்டார். ஓட்டில் விழும் மழையின் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

சின்னவள் ஆடிக்கொண்டே திரும்பி, தூணோரம் நின்ற அயித்தையைப் பார்த்தாள். “அப்பத்தா, இங்கே சேலையோட வரலாம்ல?” என்றாள்.

அயித்தை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கிடாரத்தைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, வளவுக்குள் இறங்கினார்.